உயில் எழுதணும்னா தைரியமா இங்க போகலாம்

அப்பாவோட உயில இங்கதான் எழுதினோம், வக்கீல் மேடத்துக்கு அவ்வளவு பொறுமை. போனதும் டைப் அடிச்சு நீட்டல, தாய்ப்பத்திரம் (சொத்தோட பழைய மூலப் பத்திரம்), பட்டா, வில்லங்கச் சான்று எல்லாத்தையும் வாங்கி வரிவரியா பார்த்தாங்க, பட்டால உட்பிரிவு நம்பர் மாறியிருந்தத அவங்கதான் கண்டுபிடிச்சாங்க. நாமினி போட்டாச்சே போதாதானு அப்பா கேட்டாரு, நாமினி பணத்த வாங்கிக்கற ஆள்தான், அது வாரிசுங்களுக்குத்தான் சேரும், இன்சூரன்ஸ் கேஸ்ல 1984லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, ஆனா இன்சூரன்ஸ்ல மட்டும் 2015ல சட்டம் மாறி, பெத்தவங்க, கணவன் மனைவி, பிள்ளைங்கள நாமினியா போட்டா பணம் அவங்களுக்கே சேரும்னு விளக்கினாங்க. செட்டில்மெண்ட் (உயிரோட இருக்கும்போதே சொத்த எழுதிக் கொடுக்கற பத்திரம்) எழுதினா சொத்து இப்பவே கைமாறிடும், உயில்னா கடைசி வரைக்கும் எத்தன தடவ வேணாலும் மாத்தலாம்னதும்தான் அப்பாவுக்கு நிம்மதி. உயிலுக்கு ஸ்டாம்ப் டூட்டி கிடையாது, ரெஜிஸ்டர் பண்றதும் கட்டாயமில்ல (பண்ணிடறது நல்லது), ரெண்டு சாட்சி மட்டும் கண்டிப்பா வேணும்.

எனக்கு ரொம்ப பிடிச்சது, பிள்ளைங்க எங்கள வெளிய உக்கார வச்சுட்டு அப்பாகிட்ட தனியா படிச்சுக் காட்டி சம்மதமானு கேட்டதுதான், பெத்தவங்க மனசுல உள்ளது அப்பதான் வெளிய வரும். ஆபீஸ் மாடில இருக்கு, லிப்ட் இல்ல, முட்டி வலி உள்ளவங்க முன்னாடியே போன் பண்ணிடுங்க, கீழ வந்தே பேசறாங்க. ஃபீஸ் எவ்வளவுன்னு முதல்லயே சொல்லிடறாங்க.