எச்.எம்.எஸ். பெல்ஃபாஸ்ட்: பீரங்கியோடு திரும்பிவிடாதீர்கள்

லண்டன் டவர் பிரிட்ஜ் பக்கம் தேம்ஸில் நிற்கிற இந்தப் போர்க்கப்பல் 1971-லிருந்து மியூசியம். வருகிறவர்கள் முதலில் போய் நிற்பது 6 அங்குல பீரங்கி முன்னால்தான். செல்ஃபி எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியராக இருந்தவன் சொல்கிறேன், கப்பலை ஓட்டும் நீராவியை உண்டாக்குகிற பாய்லர் ரூமைப் பார்க்காமல் வந்தால் டிக்கெட் காசு பாதி வேஸ்ட்.

இரண்டாம் உலகப் போர், 1943 டிசம்பர் 26. நார்வேயின் வடகோடிக்கு அப்பால், சூரியனே எழும்பாத குளிர்காலம். ரஷ்யாவுக்குப் போகும் சரக்குக் கப்பல்களை அடிக்க ஜெர்மனியின் பெரிய போர்க்கப்பல் ஷார்ன்ஹார்ஸ்ட் கிளம்பி வந்தது. மறித்தவை பெல்ஃபாஸ்ட், நார்ஃபோக், ஷெஃபீல்ட் என்று பிரிட்டனின் மூன்று குரூசர்கள், அதாவது நடுத்தர அளவுப் போர்க்கப்பல்கள். காலைச் சண்டையிலேயே நார்ஃபோக் சுட்ட குண்டில் ஷார்ன்ஹார்ஸ்டின் முன்பக்க ரேடார் போச்சு. மதியம் இன்னொரு மோதல். பிறகு அது தெற்கே ஓட, இவர்கள் துரத்த, நார்ஃபோக்கில் தீ, ஷெஃபீல்டில் புரொப்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்டின் பேரிங் கோளாறு. இரண்டும் பின்தங்கிவிட்டன. அந்த அலையில், அந்த இருட்டில், பெல்ஃபாஸ்ட் மட்டும் தனியாக ரேடாரில் விடாமல் பின்தொடர்ந்தது. ஷார்ன்ஹார்ஸ்ட் திரும்பி ஒரு சால்வோ, பீரங்கிகள் எல்லாம் சேர்ந்து சுடுவது, சரியாக விட்டிருந்தால் பெல்ஃபாஸ்டின் கதை முடிந்திருக்கும். சாயங்காலம் பிரிட்டனின் பெரிய போர்க்கப்பல் டியூக் ஆஃப் யார்க் வந்து சேர்ந்தபோது, வெளிச்சக் குண்டு போட்டு இரையைக் காட்டியதும் பெல்ஃபாஸ்ட்தான்.

ஷார்ன்ஹார்ஸ்டின் வேகம் அப்போதும் குறையவில்லை. டியூக் ஆஃப் யார்க்கின் ஒரு குண்டு பாய்லர் ரூமில் விழுந்த பிறகுதான் தளர்ந்தது. அதனால்தான் டெஸ்ட்ராயர்கள் என்கிற சிறிய, வேகமான போர்க்கப்பல்கள் நெருங்கி டார்பிடோ விட்டு அதை மூழ்கடிக்க முடிந்தது. ஷார்ன்ஹார்ஸ்டில் இருந்த 1,968 பேரில் பிழைத்தவர்கள் 36 பேர்.

அதைத் தெரிந்துகொண்டு பெல்ஃபாஸ்டின் பாய்லர் ரூமில் இறங்கிப் பாருங்கள். கம்பித்தட்டில் நடக்கும்போது காலுக்குக் கீழேயும் தலைக்கு மேலேயும் பைப், வால்வு, கேஜ். இங்கே நின்றவனுக்குக் கடலும் தெரியாது, எதிரியும் தெரியாது. மொத்தம் 4 பாய்லர், 80,000 குதிரைத்திறன். எனக்கு இந்த இடத்தை விட்டு ஏற மனசே வரவில்லை.

வெளியே வந்தால் கப்பலின் மேலே நிற்கும் உயரமான மாஸ்ட் கம்பங்களைக் கவனியுங்கள். 2010-ல் ரஷ்யா செய்து கொடுத்தவை, அந்தச் சரக்குப் பயணங்களுக்கு நன்றியாக.

ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்கு மூட்டுவலி இருந்தால் மேல்தளத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். உள்ளே ஏணிகள் செங்குத்து. இறங்கும்போது முகம் ஏணிப் பக்கம், இரண்டு கையும் கம்பியில். போனை பாக்கெட்டில் போட்டுவிடுங்கள்.