பிரெஞ்சு டோஸ்ட்: பாக்கெட் பிரெட்டா, அய்யங்கார் பேக்கரி பிரெட்டா?

வீட்டில் பிரெஞ்சு டோஸ்ட் செய்ய முனைபவர்கள் முட்டை எத்தனை, பால் எவ்வளவு, பட்டைத்தூள் சேர்க்கலாமா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். எந்த பிரெட் என்று மட்டும் அநேகமாக யாரும் கேட்பதில்லை. நடுப்பகுதி கூழாகவும் மேற்புறம் தீய்ந்தும் போகும் டோஸ்டுகளில் பெரும்பாலானவை கலவையால் கெடுவதில்லை, பிரெட்டில் ஏற்கெனவே இருக்கும் ஈரத்தால் கெடுகின்றன என்பது என் கருத்து. அல்சூரிலோ பிரேசர் டவுனிலோ குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குப் பாக்கெட் பிரெட்டும் அய்யங்கார் பேக்கரி பிரெட்டும் பன்னும் நடந்து போகும் தூரத்திலும், புளிக்கவைத்த மாவில் சுடும் சவர்டோவும், பிரெஞ்சு வகை பிரெட்டான பிரியோஷும் ஓர் ஆட்டோ பயணத் தூரத்திலும் கிடைப்பதால், இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கப் பெங்களூர் வசதியான ஊர்.

மளிகைக் கடையில் 400 கிராம் பொட்டலமாக விற்கும் சாண்ட்விச் பிரெட்டின் பெரிய தகுதி, அது எப்போதும் வீட்டில் இருப்பதுதான். துண்டுகள் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கனமே இருக்கும். பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கால்சியம் புரொப்பியோனேட்டும், மென்மை குறையாமலிருக்க எமல்சிஃபையர்களும் பெரும்பாலான பொட்டலங்களில் சேர்க்கப்பட்டிருப்பதை உறையின் பின்புறத்திலேயே படித்துக்கொள்ளலாம். சாண்ட்விச்சுக்கு ஏற்ற அந்த மென்மைதான் பால் கலவையில் தோய்க்கும்போது வினையாகிறது. சற்று அதிக நேரம் விட்டால் துண்டு கையோடு பிய்ந்து வருகிறது. பயந்து உடனே எடுத்துவிட்டால் கலவை மேலோடு நின்றுபோய், உள்ளே வெறும் பிரெட் மிஞ்சி, கடைசியில் கிடைப்பது முட்டை பூசிய டோஸ்ட்.

இதற்கு மேல்நாட்டுச் சமையல் குறிப்புகள் சொல்லும் தீர்வு, முந்தைய நாள் பிரெட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது. காற்றுப்படத் திறந்து வைத்த, தடித்த தோலுடைய பிரெட்டுக்கு அது பொருந்தும்; பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பதற்குப் பொருந்தாது. ஏனென்றால் பிரெட் பழையதாவதும் காய்வதும் இருவேறு நிகழ்வுகள். சுட்ட பிரெட் ஆறிய பிறகு அதிலுள்ள மாவுச்சத்து மெல்ல மெல்ல மீண்டும் படிக வடிவில் இறுகுகிறது. நீர் சிறிதும் வெளியேறாவிட்டாலும் இது நடக்கும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் விரைவாக நடக்கும். இப்படி விறைத்த துண்டைக் கல்லில் போட்டு, உட்சூடு சுமார் 60 டிகிரி செல்சியஸைக் கடந்ததும் அந்த இறுக்கம் தளர்ந்து பழைய மென்மையே திரும்பிவிடுகிறது. ஆகவே நேற்றைய பாக்கெட் பிரெட் தொடுவதற்கு விறைப்பாக இருந்தாலும், கலவையை ஏற்றுக்கொள்ள அதில் புதிதாக இடம் ஏதும் உண்டாகியிருக்காது. ஈரத்தை வெளியேற்றினால்தான் இடம் உண்டாகும். ஓடிஜி எனும் சிறிய மின் அடுப்பு (அவன்) இருப்பவர்கள் துண்டுகளை 150 டிகிரியில் பதினைந்து நிமிடம் வைத்து எடுக்கலாம். இல்லாதவர்கள் தோசைக்கல்லை மிகச் சிறு தீயில் வைத்து, நிறம் மாறாமல் இருபுறமும் வாட்டி ஆறவிடலாம். மின்விசிறிக்கு அடியில் இரவு முழுவதும் பரப்பி வைப்பதும் ஒரு வழிதான் என்றாலும், மழைக்கால பெங்களூரின் ஈரக்காற்றில் அதை நம்புவதற்கில்லை.

அய்யங்கார் பேக்கரி பிரெட்டுக்கு வருவோம். ஹாசன் பக்கத்திலிருந்து வந்த அய்யங்கார் குடும்பங்கள் உருவாக்கிய இந்த பேக்கரி மரபின் தொடக்கமாக, 1898இல் சிக்பேட்டையில் திறக்கப்பட்ட பி.பி. பேக்கரியைச் சொல்வார்கள். முட்டை சேராத பண்டங்களுக்குப் பெயர்பெற்ற அந்த மரபின் பிரெட், முட்டையில் தோய்த்துச் செய்யும் ஒரு பண்டத்துக்கு இவ்வளவு பொருத்தமாக அமைவது வேடிக்கைதான். அன்றன்றைக்குச் சுட்டு விற்றுவிடுவதால் நீண்ட நாள் மென்மையாக வைத்திருக்கும் சேர்மானங்களுக்கு அங்கே தேவை குறைவு. துளைகள் சிறியனவாகவும் நெருக்கமாகவும் இருப்பதால் கலவை ஒரே சீராக உள்ளே இறங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, முழு பிரெட்டாக வாங்கி நாமே இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு அறுத்துக்கொள்ளலாம். அறுக்க வேண்டாம் என்று கடையில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பழக்கதோஷத்தில் இயந்திரத்துக்குள் தள்ளிவிடுவார்கள். இரண்டு சென்டிமீட்டர் துண்டை மேற்சொன்னபடி உலர்த்தி, பக்கத்துக்கு ஒரு நிமிடம் ஊறவைத்தால், வெளியே மொறுமொறுப்பும் உள்ளே பாலாடைக்கட்டியின் இளக்கமும் ஒரே துண்டில் அமைகின்றன. பாக்கெட் பிரெட்டில் என்ன பாடுபட்டாலும் இது வராது, காரணம் மெல்லிய துண்டில் வெளி, உள் என்று இரண்டு இடங்களே இல்லை.

பிரியோஷ் இதைவிட உயர்ந்தது என்பதை மறுக்க முடியாது. மாவிலேயே முட்டையும் வெண்ணெயும் சேர்ந்திருப்பதால் அதன் சுவைக்கு ஈடில்லை. ஆனால் விலையும் கூடுதல், மாவிலுள்ள சர்க்கரையால் சீக்கிரம் கருகும் அபாயமும் கூடுதல். இந்திராநகரிலும் கோரமங்களாவிலும் இப்போது மவுசு பெற்றிருக்கும் சவர்டோவை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரிய துளைகள் வழியாகக் கலவை ஒழுகிக் கல்லில் ஆம்லெட்டாகப் பரவுகிறது, தோல் கடைசிவரை கடிபடாமல் நிற்கிறது, புளிப்பும் பாலும் ஒத்துப்போவதில்லை. இனிப்பு பன்னைக் குறுக்கே பிளந்து செய்தால் குழந்தைகள் விரும்புவார்கள் என்பதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பாக்கெட் பிரெட் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி நறுக்கிப் போட்டு, பால் அதிகம் சேர்க்காமல் முட்டையில் புரட்டிச் சுடும் கார வகைக்கு ஊறுதலே தேவையில்லை. அதற்கு மெல்லிய துண்டே சிறந்தது. பேக்கரி பிரெட்டைக் கனமாக அறுத்துச் செய்தால் நடுவில் உப்பு உறைப்பு இல்லாமல் சப்பென்று இருக்கும்.

பிரெட் முடிவானால் கலவையின் அளவு தானே அமைந்துவிடும். கனமான நான்கு துண்டுகளுக்கு இரண்டு முட்டை, 160 மில்லி பால், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு போதும். பாக்கெட் பிரெட் என்றால் அதே இரண்டு முட்டைக்குப் பாலை 80 மில்லியாகக் குறைக்க வேண்டும். பாலில், கர்நாடகக் கூட்டுறவு பால் நிறுவனமான நந்தினியின் நீல உறை டோன்ட் (கொழுப்பு குறைத்த) பாலுக்கும், அதே நிறுவனத்தின் கொழுப்புச்சத்து மிகுந்த சம்ருத்தி பாலுக்கும் வேறுபாடு தெரியத்தான் செய்கிறது: முன்னதில் கொழுப்பு 3 விழுக்காடு, பின்னதில் 6. நீர்த்த பாலில் உள்பகுதி சற்று நொதநொதவென்று இருக்கும். ஆனாலும் இந்த வேறுபாடு, பிரெட்டை உலர்த்துவதாலும் உலர்த்தாமல் விடுவதாலும் வரும் வேறுபாட்டில் பாதிகூட இல்லை.

முட்டைக் கவிச்சி பிடிக்காதவர்கள் வெண்ணிலா எசன்ஸைக் கூடுதலாக ஊற்றி அதை மூடி மறைக்கப் பார்க்கிறார்கள். அந்த வாடைக்குக் காரணமான கந்தகச் சேர்மங்கள் பெரும்பாலும் வெள்ளைக்கருவிலிருந்தே வருவதால், இரண்டு முழு முட்டைக்குப் பதிலாக ஒரு முழு முட்டையும் இரண்டு மஞ்சள் கருவும் சேர்ப்பது அதைவிட நல்ல வழி. நிறமும் இதில் மேம்படுகிறது.

முட்டை புழங்காத வீடுகளில் போட்டி கஸ்டர்ட் பவுடருக்கும் கடலை மாவுக்கும் இடையில். கஸ்டர்ட் பவுடரே முட்டை ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக ஆல்பிரட் பேர்ட் என்ற ஆங்கிலேயர் 1837இல் உருவாக்கியது. அடிப்படையில் அது நிறமும் மணமும் சேர்த்த சோளமாவு. 200 மில்லி பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி என்ற அளவில் பச்சையாகவே கரைத்துத் தோய்க்கலாம், ஆனால் மாவு அடியில் படிந்துகொண்டே இருக்கும் என்பதால் ஒவ்வொரு துண்டுக்கு முன்பும் கலக்கிவிட வேண்டும். முட்டை தரும் உப்பலை இது தராது. மொறுமொறுப்பில் முட்டையையே மிஞ்சும். கடலை மாவு கலந்தால் கிடைப்பது பிரெட் பஜ்ஜியின் தம்பி. நல்ல பண்டம்தான், தேங்காய்ச் சட்னியும் கேட்கும், பிரெஞ்சு டோஸ்ட் மட்டும் ஆகாது. முட்டையில்லாவிட்டால் அசல் ஆகாது என்று வாதிடுவோர்க்கு ஒரு செய்தி: பழைய ரோமானியர்கள் தோல் நீக்கிய வெள்ளை பிரெட்டைப் பாலில் நனைத்து, எண்ணெயில் பொரித்து, தேன் ஊற்றிப் பரிமாறியதற்கான குறிப்பு உண்டு, அதில் முட்டை இல்லை.

வெண்ணெய், நெய் இரண்டில் நெய்யே என் தேர்வு. வெண்ணெயிலுள்ள பால் திடப்பொருள்கள் 150 டிகிரி அளவிலேயே கருகத் தொடங்கிவிடும். எண்ணெயைச் சேர்த்தால் கருகாது என்பது பரவலான நம்பிக்கை, ஆனால் அத்திடப்பொருள்கள் எண்ணெய்க்குள் இருந்தாலும் கருகத்தான் செய்யும். நெய்யில் அவை உருக்கும்போதே நீங்கிவிடுகின்றன. வெண்ணெயின் மணம் வேண்டுமென்றால் கல்லிலிருந்து எடுக்கும் முன் அரைத் தேக்கரண்டி தடவினால் போதும்; கடையில் கிடைக்கும் வெண்ணெய் பெரும்பாலும் உப்பிட்டது என்பதால் கலவையில் உப்பைத் தவிர்க்க வேண்டும். தோசைக்கல்லும் நான்ஸ்டிக் தவாவும் சமமாகவே வேலை செய்கின்றன, தோசைக்கல்லில் வெங்காய வாடை இல்லாதிருந்தால். தீதான் முக்கியம். பாலும் சர்க்கரையும் சேர்ந்த முட்டை 80 டிகிரிக்கு அருகில்தான் இறுகும் என்பதால், கனமான துண்டின் நடுப்பகுதிக்கு அந்தச் சூடு எட்டுவதற்குள் மேற்புறம் கருகாமலிருக்கப் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடமாவது மிதமான தீயில் விட வேண்டும்.

மேலே ஊற்றுவதில் மேப்பிள் சிரப்புக்கு மாற்றாகக் குடகுத் தேன், வெல்லப்பாகு இரண்டும் இங்கே எளிதாகக் கிடைக்கின்றன. தேன் பட்டையின் மணத்தை அமுக்கிவிடுகிறது. வெல்லப்பாகு ஒத்துப்போகிறது, ஆனால் வெண்ணிலாவை விட்டு ஏலக்காய்க்கு மாற வேண்டும். எதுவானாலும் தட்டில் வைத்த பிறகே ஊற்ற வேண்டும். பிள்ளைகளுக்கு டப்பாவில் கட்டிக் கொடுப்பதானால் பாகைத் தவிர்த்து, கலவையில் சர்க்கரையை இன்னொரு மேசைக்கரண்டி கூட்டி, அதற்கேற்பத் தீயை மேலும் குறைத்து, கம்பித்தட்டில் முழுவதும் ஆறிய பிறகே மூட வேண்டும்.