வேக் டர்புலன்ஸ் சிமுலேட்டர் பயிற்சி: எடுக்கலாமா?

முன்னால் போகிற விமானம் பின்னால் விட்டுச்செல்கிற காற்றுச் சுழலைத்தான் வேக் டர்புலன்ஸ் என்கிறார்கள். சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிற எவரும் அதைச் சமாளிக்கச் சொல்லித்தருகிற இந்தப் பயிற்சியைத் தாராளமாக எடுக்கலாம். சிமுலேட்டரை விட, அதில் ஏறுவதற்கு முன்னால் பலகையில் படம் போட்டு நடத்துகிற பாடத்துக்காகவே எடுக்கலாம்.

இறக்கைக்குக் கீழே அழுத்தம் அதிகம், மேலே குறைவு, அதனால் நுனியில் காற்று மேல்நோக்கிச் சுருண்டு இரண்டு சுழல்களாகப் பின்னால் நீள்கிறது என்பதெல்லாம் நாம் படித்ததுதான். பயிற்றுநர் அதிக நேரம் செலவிட்டது அந்தச் சுழல் எங்கே போகிறது என்பதில். கனமான விமானம் மெதுவாக, ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இருக்கிற மடிப்பு) இறக்காமல் போகும்போது சுழல் மிக வலுவாக இருக்கும், நிமிடத்துக்குச் சில நூறு அடி வீதம் கீழே இறங்கும், தரையை நெருங்கியதும் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் விலகும். ஆனால் லேசான பக்கக் காற்று, 3 முதல் 5 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வரை அடித்தால் போதும், அதில் ஒன்று ஓடுபாதை மேலேயே தங்கிவிடலாம். காற்று அடங்கியிருக்கிற நாளில் நிம்மதியாக இறங்கலாம் என்று நினைப்போம் இல்லையா, அன்றைக்குத்தான் சுழல் சீக்கிரம் கலையாது.

7,000 கிலோவுக்கு உட்பட்ட விமானம் கனரக விமானத்துக்குப் பின்னால் இறங்க 6 கடல் மைல் இடைவெளி, ஏர்பஸ்ஸின் மிகப் பெரிய பயணிகள் விமானமான ஏ380 என்றால் 8. ஆனால் முன்னால் போகிற விமானம் கண்ணில் தெரிகிறது என்று நீங்கள் சொல்லி, அதைத் தொடரும்படி விமான நிலையக் கட்டுப்பாட்டு டவர் சொன்னதை ஏற்றுக்கொண்டால், அதற்கப்புறம் இடைவெளி உங்கள் பொறுப்பு. அதன் பாதைக்கு மேலேயே இருந்து, அது தரை தொட்ட இடத்தைத் தாண்டி இறங்க வேண்டும். இதைப் பயிற்றுநர் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினார், அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அப்புறம் சிமுலேட்டர். ஒரு சின்ன நடுக்கம், எச்சரிக்கை என்றால் அவ்வளவுதான், உடனே இடது இறக்கை கீழே போகிறது, ஸ்டிக்கை வலது பக்கம் கடைசி வரை தள்ளியும் விமானம் சொல்பேச்சு கேட்பதில்லை, சுழலை விட்டு வெளியே வந்த நொடியில் அதே ஸ்டிக் விமானத்தை மறுபக்கம் புரட்டுகிறது. கை எதை உடனே செய்யத் துடிக்கிறது, அதை ஏன் அடக்க வேண்டும் என்பது இங்கேதான் புரியும். ரடர் (விமானத்தின் மூக்கை இடம் வலம் திருப்புகிற, வாலில் இருக்கிற பலகை) பெடலை மாற்றி மாற்றி மிதிப்பது பற்றிக் கண்டிப்பாகப் பேசினார். 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் போயிங் 747 ஒன்றின் பின்னால் கிளம்பிய ஏர்பஸ் ஏ300 பயணிகள் விமானத்தின் செங்குத்து வால் பிய்ந்து 265 பேர் இறந்தார்கள். வாலை உடைத்தது சுழல் அல்ல, தேவையில்லாமல் அளவுக்கு மீறி ரடரை மிதித்தது என்றே விசாரணை முடிவு செய்தது, அந்த ரடரின் வடிவமைப்புக்கும் பயிற்சி முறைக்கும் அதில் பங்கு உண்டு என்றும் சொன்னது.

குறைகளும் உண்டு. சுழல் எப்போதும் ஒரே உயரத்தில், ஒரே வலுவில் வருகிறது, கொஞ்ச நேரத்தில் உடம்பு அதை எதிர்பார்க்கப் பழகிவிடுகிறது. உடம்பு இருக்கையை விட்டு எழும்புகிற அந்த உணர்வை அசையும் மேடையால் தொடர்ந்து தர முடியாது. பெரிய குறை, உயரப் பறக்கும்போது வருகிற சுழலுக்குப் பயிற்சியே இல்லை. 2017 ஜனவரியில் அரபிக் கடல் மேல் ஏ380 ஒன்றுக்கு 1,000 அடி கீழே எதிர்த்திசையில் போன சேலஞ்சர் 604 என்கிற சின்ன ஜெட் விமானம் பலமுறை உருண்டு, ஆயிரக்கணக்கான அடி கீழே விழுந்து, மஸ்கட்டில் எப்படியோ இறங்கியது. அந்த விமானம் அதன்பின் பயன்படவில்லை. இப்படி ஒரு நிலைமையைச் சேர்க்காதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

முன்பதிவு செய்யும்போதே பக்கக் காற்று வைத்து ஒரு தரையிறக்கமும், பெரிய ஜெட்டுக்குப் பின்னால் ஒரு டேக்ஆஃபும் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் ஒரே பாடத்தைத்தான் ஓட்டுகிறார்கள்.