பட்டாளத்துக்காரர் என்று நம்பி 300 டாலர் இழந்தேன்: கிளார்க்ஸ்வில் பக்கம் ரைபிள் வாங்க நினைப்பவர்கள் கவனிக்கவும்

போன வாரம் என்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் மைத்துனருக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. "கொரியாவுக்கு மாற்றல் ஆகிவிட்டது. ரைபிளைக் கொண்டுபோக முடியாது. ஸ்கோப்போடு சேர்த்து 650 டாலர். ஓக் குரோவுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்." எனக்குச் சொன்ன அதே கதை, அதே விலை, அதே இடம். பணம் போன கோபத்தில் இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன். அது தவறு என்று இப்போது தெரிகிறது.

டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. கிரீன் கார்டில் இருக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவர் மான் வேட்டைக்கு அழைத்தார். டென்னசியில் 1969 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்தால்தான் லைசென்ஸ். அதை ஒழுங்காக முடித்தேன். லைசென்ஸ் எடுத்தேன். துப்பாக்கி மட்டும்தான் பாக்கி. .308 போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் ஒன்று, நல்ல ஸ்கோப்போடு புதிதாக வாங்கினால் ஆயிரம் டாலரை நெருங்கியது. பழையதாகப் பார்க்கலாம் என்று நினைத்தேன். சுடும் பயிற்சிக்குப் போகும் இடத்தில் ஒருவர் ஒரு நம்பர் கொடுத்தார்.

போன் செய்தேன். ஃபோர்ட் கேம்ப்பெல் ராணுவ முகாமில் சார்ஜென்ட் என்றார். பேச்சு மிக மரியாதையாக இருந்தது. ரைபிளின் படங்கள் வந்தன, நன்றாகவே இருந்தது. அவருடைய டிரைவிங் லைசென்ஸ் ஒஹையோ மாநிலத்தது என்று அவராகவே சொன்னார். நான் கொஞ்சம் படித்திருந்தேன். வேறு மாநிலத்துக்காரரிடம் தனிப்பட்ட முறையில் துப்பாக்கி வாங்கக் கூடாது என்று தெரியும். அதைக் கேட்டேன். அவர் தயங்கவே இல்லை. "பணியில் இருக்கும் ராணுவத்தினருக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. எங்கே பணியோ அந்த மாநிலத்துக்காரர்தான் நாங்கள். சட்டத்திலேயே இருக்கிறது, தேடிப் பாருங்கள்" என்றார்.

தேடினேன். உண்மையாகவே இருந்தது. அங்கேதான் விழுந்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. என் பெரியப்பா மதராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தவர். வெலிங்டனில் பயிற்சி எடுத்தவர். அவர் லீவில் வரும்போது எங்கள் தெருவில் கடைக்காரர்கள் கணக்கு நோட்டில் எழுதாமலே சாமான் கொடுப்பார்கள், பட்டாளத்துக்காரர் ஏமாற்ற மாட்டார் என்று. அந்த நினைப்பு எனக்குள் அப்படியே இருக்கிறது. இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள், 300 டாலர் அட்வான்ஸ் போட்டால் உங்களுக்கே எடுத்து வைக்கிறேன் என்றார். அன்று இரவே போன் ஆப்பில் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் சந்திக்கும் இடம் வந்தது. ஓக் குரோவில் ஒரு பெட்ரோல் பங்க். அந்தப் பக்கம் போகாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஃபோர்ட் கேம்ப்பெல் டென்னசி, கென்டக்கி இரண்டு மாநிலத்திலும் பரந்து கிடக்கிறது. நிலத்தில் பெரும்பகுதி டென்னசியில் இருக்கிறது, தபால் முகவரி மட்டும் கென்டக்கி. கிளார்க்ஸ்வில் டென்னசியில். அங்கிருந்து 41ஏ சாலையில் வடக்கே போனால் கடைகளும் பழைய கார் விற்கும் இடங்களும் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். நடுவில் ஒரு வரவேற்புப் பலகை. அதைத் தாண்டினால் ஓக் குரோவ், கென்டக்கி. எல்லையைக் கடந்தோம் என்றே தெரியாது.

என் அதிர்ஷ்டம், அந்த வாரம் ஒரு வளைகாப்பில் திண்டுக்கல் தம்பி ஒருவரைச் சந்தித்தேன். அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறார். மொழித் திறமைக்காகக் குடியுரிமை இல்லாதவர்களையும் சேர்த்த மாவ்னி திட்டம் ஒன்று இருந்தது, 2016இல் நிறுத்திவிட்டார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. அதில் சேர்ந்தவர். சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன், ஓக் குரோவில் போய் வாங்கப் போகிறேன் என்று. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார்.

"அண்ணா, நீங்க டென்னசி. வாங்குற இடம் கென்டக்கி. வாங்கிட்டு எல்லையைத் தாண்டி வந்தீங்கன்னா அவரு யாரா இருந்தாலும் குத்தம் உங்க மேலதான்."

அதுவரை நான் விற்பவரின் மாநிலத்தைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தேன். தம்பி சொன்னது சரி. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இது தெளிவாக இருக்கிறது. லைசென்ஸ் பெற்ற டீலர் அல்லாத ஒருவர், தன் மாநிலத்துக்கு வெளியே பெற்ற துப்பாக்கியைத் தன் மாநிலத்துக்குள் கொண்டுவரக் கூடாது. பரம்பரைச் சொத்தாக வந்தது போன்ற சில விலக்குகள் உண்டு, பெட்ரோல் பங்கில் வாங்கியது அதில் சேராது. ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனை. கிரீன் கார்டில் இருப்பவருக்கு அதற்கு மேலும் உண்டு. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாட்டை விட்டு வெளியேற்ற அதுவே காரணமாகிவிடும். என் மகள் மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். அன்று இரவு தூங்கவில்லை.

இந்தச் சட்டம் ஏன் மாநில எல்லையில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது என்று பிறகுதான் படித்தேன். 1963இல் கென்னடியைச் சுட்ட ரைபிள் பொய்ப் பெயரில் தபாலில் வரவழைத்தது. 1968 ஏப்ரலில், எங்கள் டென்னசியின் மெம்ஃபிஸ் நகரத்தில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்ட ரைபிள், அலபாமாவின் பர்மிங்காமில் பொய்ப் பெயரில் வாங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் இந்தச் சட்டம் வந்தது. விற்பவர் தன் கண்ணுக்குத் தெரிந்த, தன் மாநிலத்து ஆளுக்கு விற்கட்டும், மற்றதெல்லாம் டீலர் வழியாகப் போகட்டும் என்பதுதான் அதன் எண்ணம்.

சரி, ராணுவத்தினர் பற்றிய விதிக்கு வருகிறேன். எனக்குச் சொன்னது பாதிதான். சட்டம் சொல்வது இது: தீவிரப் பணியில் இருக்கும் ராணுவத்தினர், தம் நிரந்தரப் பணியிடம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தில் வசிப்பவராகக் கருதப்படுவார். இதில் 'நிரந்தர' என்ற சொல்லை விட்டுவிட்டுத்தான் அந்த ஆள் பேசினார். சில வாரப் பயிற்சிக்கோ தற்காலிக வேலைக்கோ ஒரு முகாமுக்கு வந்திருந்தால் அந்த மாநிலம் அவருடைய மாநிலம் ஆகாது. ஓய்வு பெற்றவருக்கு இந்த விதி இல்லை. மாதம் ஒருமுறை வார இறுதிப் பயிற்சிக்குப் போகும் ரிசர்வ் ஆளுக்கும் இல்லை.

தம்பி தன் கதையையே உதாரணமாகச் சொன்னார். அவருடைய டிரைவிங் லைசென்ஸ் டெக்சாஸ். வீடு கிளார்க்ஸ்வில்லில். பணியிடம் ஃபோர்ட் கேம்ப்பெல், கென்டக்கி என்று ஆர்டரில் இருக்கிறது. தினமும் வீட்டிலிருந்து போய் வருகிறார். இப்படி ஒரு மாநிலத்தில் வீடும் பக்கத்து மாநிலத்தில் பணியிடமும் இருந்தால் அவருக்கு இரண்டு மாநிலங்களும் வசிப்பிடம். டெக்சாஸ் லைசென்ஸ் வைத்திருப்பதால் மட்டும் அவர் டெக்சாஸ்காரர் ஆகிவிட மாட்டார். கடையில் துப்பாக்கி வாங்கும்போது ராணுவ அடையாள அட்டையோடு மாற்றல் ஆர்டரையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்களாம். "கடைக்காரர் அஞ்சு நிமிஷம் படிச்சாரு அண்ணா. உங்க ஆளு உங்ககிட்ட எதைக் காட்டுனாரு?"

எதையும் காட்டவில்லை. அன்றே கேட்டேன், ஆர்டரைக் காட்ட முடியுமா, சோஷியல் செக்யூரிட்டி எண்ணை மறைத்துவிட்டு அனுப்பினால் போதும் என்று. இரண்டு படம் வந்தது. ஒன்று ராணுவ அடையாள அட்டை. இன்னொன்று ஆர்டரின் முதல் பக்கம்.

தம்பிக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "முதல்ல, எங்க ஆளுக யாரும் கார்டைப் போட்டோ எடுத்து முகம் தெரியாதவங்களுக்கு அனுப்ப மாட்டாங்க. அதைக் காப்பி எடுக்குறதே சட்டப்படி தப்பு. சேர்ந்த மொதல் வாரமே சொல்லிக் குடுத்துருவாங்க. ரெண்டாவது, இது மாற்றல் ஆர்டரே இல்ல அண்ணா, தற்காலிக வேலைக்கானது. அறுபது நாளைக்கு. நிரந்தர இடம் வட கரோலைனான்னு போட்டிருக்கு. தேதியைப் பாருங்க, ரெண்டு வருஷத்துக்கு முந்தினது."

அதாவது அந்தக் காகிதம் உண்மையானது என்றே வைத்துக்கொண்டாலும், அதில் உள்ளவர் இந்தச் சட்டத்தின் கண்ணில் வட கரோலைனாக்காரர். டென்னசியில் இருக்கும் எனக்கு அவர் நேரடியாக விற்கவே முடியாது. கொரியா மாற்றல் என்ற பேச்சுக்கும் அந்தக் காகிதத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது வேறு யாருடையதோ என்றுதான் தம்பியும் நானும் நினைக்கிறோம்.

அப்போதும் நான் சண்டை போடவில்லை. கிளார்க்ஸ்வில்லில் உள்ள ஒரு டீலர் கடையில் வைத்து மாற்றிக்கொள்வோம், கட்டணத்தை நானே கொடுக்கிறேன் என்று எழுதினேன். டீலர் தன் பதிவேட்டில் விற்பவரின் பெயர், முகவரி, துப்பாக்கியின் வரிசை எண் எல்லாம் எழுதிக்கொள்வார். துப்பாக்கி வாங்குபவருக்கான 4473 படிவத்தை நான் நிரப்ப வேண்டும். டென்னசி புலனாய்வுத் துறை பின்னணியைச் சோதிக்கும், அதற்கு 10 டாலர். அதோடு டீலரின் கட்டணம். அவ்வளவுதான் செலவு. விற்பவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் இந்த வழியில் போனால் எனக்குப் பயம் இல்லை.

அவர் பதில்தான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. நாட்டுக்காகச் சேவை செய்யும் ஒருவரையே சந்தேகப்படுகிறாயா, உன்னைப் போல வந்து குடியேறியவர்களுக்கு இது எங்கே புரியும் என்று எழுதினார். வெட்கப்பட்டேன். மன்னிப்புக் கேட்டு எழுதினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு, சரி, சனிக்கிழமை பத்து மணிக்குக் கடைக்கு வருகிறேன் என்றார். பத்திலிருந்து ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. நான் கூப்பிட்டபோதெல்லாம் அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மாலையில் பார்த்தால் என் நம்பரைத் தடுத்துவிட்டார்.

கடைக்காரர் நல்ல மனிதர். நான் எதுவும் வாங்காமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தும் முகம் சுளிக்கவில்லை. பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும் என்று சொன்னதும் இப்படிக் காணாமல் போகிறவர்கள் உண்டு என்றார். பணம் அனுப்பிய ஆப்பில் புகார் கொடுத்தேன். நீங்களாகவே அனுப்பிய பணம், திருப்பித் தர முடியாது என்று பதில் வந்தது. போலீசில் புகார் எழுதிக் கொடுத்து எண் வாங்கியிருக்கிறேன்.

டென்னசியிலும் கென்டக்கியிலும் ஒரே மாநிலத்தைச் சேர்ந்த இருவர் தங்களுக்குள் துப்பாக்கி விற்றுக்கொள்ளப் பின்னணிச் சோதனை கட்டாயம் இல்லை. வாஷிங்டன், கொலராடோ போன்ற மாநிலங்களில் கட்டாயம். இங்கே கட்டாயம் இல்லாததால்தான் இந்த மாதிரி ஆட்கள் நிறுத்துமிடங்களில் வைத்து வியாபாரம் செய்ய முடிகிறது. என்னைக் கேட்டால், கட்டாயம் இல்லாவிட்டாலும் டீலர் வழியாகவே போங்கள். விற்கும் பக்கம் இருக்கும் நம் ராணுவத் தம்பிகளுக்கும் இதையேதான் சொல்வேன். மாற்றல் அவசரத்தில் யாருக்கோ கொடுத்துவிட்டுப் போனால், வாங்கியவர் எந்த மாநிலத்தவர் என்ற கேள்வி பிறகு உங்களிடம்தான் வரும்.

எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மத்திய சட்டப்படி நீங்கள் துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. கடையில் படிவத்திலேயே குடியேற்ற நிலையைக் கேட்டுவிடுவார்கள், அங்கே தெரிந்துவிடும். பெட்ரோல் பங்கில் நிற்பவர் கேட்க மாட்டார். பிடிபட்ட பிறகுதான் தெரியவரும்.

கொரியா மாற்றல், 650 டாலர், ஓக் குரோவ் என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருந்தால் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். வந்த செய்திகளையும் படங்களையும் அழிக்காதீர்கள். என் புகார் எண்ணைத் தருகிறேன், உங்களிடம் இருப்பதையும் அதோடு சேர்த்துக் கொடுக்கலாம். மைத்துனரின் செய்தியில் இருக்கும் நம்பர் என்னிடம் இருக்கும் நம்பர் அல்ல. ஆனால் ரைபிளின் படம் அதேதான், கட்டைப் பகுதியில் உள்ள கீறல் உட்பட.