பிரஷர் பாட்: பெயிண்ட் டேங்கா, பட்டறையில் செய்வதா, இல்லை வேக்குவமா?

வீட்டில் ரெசின் (அச்சில் ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் பிளாஸ்டிக் திரவம்) வார்ப்பவர்களுக்குத் தலைவலி ஒன்றே ஒன்றுதான்: குமிழி. பேனா உடலோ கத்திப் பிடியோ, அச்சைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நாலு குமிழி முழித்துக்கொண்டு நிற்கும். அதற்கு வைத்தியம் இரண்டு. வேக்குவம் காற்றை வெளியே இழுத்துவிடும். பிரஷர் பாட், அதாவது அச்சை உள்ளே வைத்து மூடிக் கம்ப்ரசர் காற்றை ஏற்றும் பாத்திரம், காற்றை உள்ளேயே நசுக்கிவிடும். இரண்டையும் வாங்கிப் போட எல்லோராலும் முடியாது, அதனால்தான் இந்த ஒப்பீடு.

வேக்குவத்தை முதலில் பார்த்துவிடலாம். பம்பை ஓட்டியதும் கோப்பையில் இருக்கும் ரெசின் மூன்று நான்கு மடங்கு நுரைத்து எழும்பி, அப்புறம் அமுங்கும். அமுங்க நேரம் வேண்டும். மெதுவாக இறுகும் எபாக்ஸியில் அந்த நேரம் இருக்கிறது. சில நிமிடங்களில் கெட்டியாகிவிடும் பாலியூரித்தேன் ரெசினில் இல்லை. டப்பாவில் போட்டிருக்கும் வேலை நேரத்தையும் (கலந்தபின் கெட்டியாகும் வரை கிடைக்கும் நேரம்) அப்படியே நம்பக் கூடாது. அது பெரும்பாலும் 25 டிகிரிக்குக் கணக்கிட்டது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சென்னையில் மே மாத மதியம் மொட்டை மாடி அறையில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாலியஸ்டர் ரெசினென்றால் இன்னொரு தொல்லை: வேக்குவத்தில் அதிலிருக்கும் ஸ்டைரீன் என்ற திரவமே கொதிக்க ஆரம்பித்துவிடும். இவ்வளவு பாடுபட்டுக் காற்றை எடுத்தாலும், அச்சில் ஊற்றும்போது கொஞ்சம் காற்று திரும்ப உள்ளே போகும். ஆக, வார்ப்புக்கு என் ஓட்டு பிரஷர் பாட்டுக்குத்தான். சிலிக்கான் அச்சு செய்வதற்கும், மரத்துண்டுக்குள் ரெசினை ஊற வைப்பதற்கும் வேக்குவத்தை மிஞ்ச ஆளில்லை.

சரி, எந்தப் பாட்? இணையத்தில் தயாராகக் கிடைக்கும் வார்ப்புப் பாட்டில் குறை சொல்ல அதிகமில்லை. வாங்கும்போதே கூடுதல் கேஸ்கெட் ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதே அளவில் தேடி அலைவது கஷ்டம்.

அம்பத்தூர், கிண்டி எஸ்டேட் பக்கம் பட்டறையில் சொல்லிச் செய்வது இரண்டாவது வழி. வேண்டிய அகலம், வேண்டிய உயரம் கிடைக்கும். நீளமான அச்சு வைப்பவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் “தாங்கும் சார்” என்ற வாய்வார்த்தையை நம்பி எடுத்து வராதீர்கள். 24 செ.மீ. வாய் உள்ள பாட்டில் 40 பிஎஸ்ஐ (டயருக்குக் காற்றடிக்கும்போது சொல்லும் அதே அழுத்த அளவை) ஏற்றினால் மூடியை மேலே தள்ளும் விசை ஒன்றேகால் டன். 60 ஏற்றினால் கிட்டத்தட்ட 2 டன். அவ்வளவையும் தாங்குவது வெல்டிங்கும் நாலு போல்ட்டும்தான். அதனால் காற்று போடுவதற்கு முன்னால் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, நாம் வேலை செய்யப்போகும் அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குக் கைப் பம்பால் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் அமுங்காது, ஆகவே வெல்டிங் விட்டுக்கொடுத்தாலும் பீச்சியடித்து நின்றுவிடும். காற்றென்றால் துண்டு பறக்கும்.

வீட்டுக் குக்கரில் செய்யலாமா என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. வேண்டாம். குக்கரில் வெயிட் தூக்குவதே சுமார் ஒரு கிலோ பிரஷரில், அதாவது 15 பிஎஸ்ஐ பக்கம். அதை அடைத்துவிட்டு 40 ஏற்றுவது வெடிகுண்டு கட்டுகிற வேலை. பழைய கேஸ் சிலிண்டரை அறுத்துச் செய்வதும் பிவிசி பைப்பில் செய்வதும் இதே ரகம்தான்.

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கிறவர்கள் வைத்திருக்கும் 10 லிட்டர் பிரஷர் டேங்க். சேஃப்டி வால்வு, ரெகுலேட்டர், கேஜ், கேஸ்கெட் எல்லாம் அதிலேயே வரும். வாங்கும்போது கலக்கி இல்லாத மாடலாகப் பாருங்கள். கலக்கியின் தண்டு மூடியைத் துளைத்து வரும் இடம் என்றைக்காவது கசியும். தகட்டில் அடித்திருக்கும் உச்ச அழுத்தத்தைப் படித்து, அதற்குக் கீழேயே நில்லுங்கள். உள்ளே தொங்கும் உறிஞ்சு குழாயைக் கழற்றி, பெயிண்ட் வெளியேறும் துளையை டெட் பிளக் போட்டு அடைக்க வேண்டும். காற்று வரும் துளைக்கு உள்பக்கம் ஒரு எல்போ மாட்டிச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் காற்று நேரே அச்சின் மேல் அடித்து ரெசினைச் சிதறடிக்கும். வெளியே ஒரு பால் வால்வு. பிரஷர் ஏறியதும் அதை மூடி ஹோஸைக் கழற்றிவிட்டால் கரண்ட் போனாலும் கவலையில்லை, கம்ப்ரசர் சத்தத்துக்குப் பக்கத்து ஃபிளாட்டிலிருந்து ஆள் வரவும் மாட்டார்கள். இந்த ஃபிட்டிங்குகளுக்குப் பாரிமுனையில் செம்புதாஸ் தெருவும் லிங்கி செட்டித் தெருவும் போதும்.

அழுத்தம் எவ்வளவு என்பதில்தான் பலர் வீணாக மல்லுக்கட்டுகிறார்கள். 1 மி.மீ. குமிழி 40 பிஎஸ்ஐ-யில் சுமார் 0.64 மி.மீ. ஆகும், 60-இல் சுமார் 0.58. மிச்சக் காற்று ரெசினிலேயே கரைவதால்தான் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. கரைவது 60-இல் கொஞ்சம் கூடும், உண்மைதான். ஆனால் அந்த ஆதாயத்துக்காக மூடியின் மேல் அரை டன்னுக்கு மேல் கூடுதல் பாரம் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 40-45 போதும். மிச்சமாகும் காசை உலர்ந்த காற்றுக்குச் செலவிடுங்கள்.

சென்னையில் அதுதான் முக்கியம். மழைக்காலத்தில் கம்ப்ரசர் டேங்க்கின் அடியில் இருக்கும் டிரெயினைத் திருகிப் பாருங்கள், துருநிறத் தண்ணீர் ‘புஸ்’ என்று பீச்சும். பாலியூரித்தேன் ரெசினில் ஈரம் பட்டால் கார்பன் டை ஆக்சைடு உண்டாகிவிடும். அதாவது குமிழியை நசுக்க நினைத்து, குமிழி செய்யும் சரக்கையே உள்ளே அனுப்புகிறோம். ஈரம் பிடிக்கும் ஃபில்டரைக் கம்ப்ரசர் வாயிலேயே மாட்டினால் பயன் குறைவு, காற்று அங்கே இன்னும் சூடாக இருக்கும். ஹோஸின் மறுமுனையில், பாட்டுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். அதுவும் நீர்த்துளியைத்தான் பிடிக்கும். ஆவிக்கு அதற்கடுத்து ஒரு சிலிக்கா ஜெல் டப்பா வேண்டும்.

கோளாறு வந்தால் குமிழியே காரணத்தைச் சொல்லிவிடும். சோடா மாதிரி உடம்பெங்கும் பொடிப்பொடியாக இருந்தால் ஈரம். ஒரே மூலையில் திரண்டிருந்தால் அச்சில் காற்று வெளியேற வழியில்லை. வார்ப்பின் மேல் பரு பருவாகத் துருத்தியிருந்தால் தப்பு சிலிக்கான் அச்சில்: அச்சின் சுவருக்குள் மாட்டிய குமிழி அழுத்தத்தில் சுருங்க, அந்தக் குழியில் ரெசின் போய் உட்கார்ந்திருக்கிறது. அச்சையும் வேக்குவத்தில் வைத்தோ, அதே அழுத்தத்தில் பாட்டுக்குள் வைத்தோ செய்ய வேண்டும். எல்லாம் சரியாயிருந்தும் குமிழி தெரிந்தால், ரெசின் இறுகும் முன்னரே பாட்டைத் திறந்திருப்பீர்கள். நசுங்கிய காற்று பழையபடி விரிந்துவிடும். கேஜ் ஏறியதும் அரை மணி நேரத்துக்குள் சற்று இறங்குவது கசிவு அல்ல, அமுங்கிச் சூடான காற்று ஆறுகிறது. அதற்கப்புறமும் இறங்கினால் பாத்திரம் துலக்கும் லிக்விடைத் தண்ணீரில் கரைத்து கேஸ்கெட் விளிம்பு, கேஜ் மரை, டெட் பிளக் என்று வரிசையாகத் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் கேஸ்கெட்டில் காய்ந்து ஒட்டிய ஒரு ரெசின் சொட்டுதான் குற்றவாளி. விங் நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால் மூடி ஒரு பக்கம் சாயாது. திறக்கும்போது கேஜ் பூஜ்யத்துக்கு வந்தபின் நட்டில் கை வைக்கவும்.

சாவிக்கொத்தும் கோஸ்டரும் மட்டும் வார்ப்பவர்களுக்கு இந்தச் செலவு எதுவும் தேவையில்லை. மெல்லிய வார்ப்புக்கு மெதுவாக இறுகும் எபாக்ஸியும், மேலே லேசாகக் காட்ட ஒரு ஹீட் கன்னும் போதும்.