பிரைட் சைஸ் லைஃப்: சத்தம் போடாத ஃப்யூஷன்

ஜாஸும் ராக்கும் கலந்த ஃப்யூஷன் என்ற பெயரை நம்பி, அமெரிக்க ஜாஸ் கிடார் கலைஞர் பாட் மெத்தினியின் இந்த முதல் ஆல்பத்துக்கு வருபவர்கள் முதல் தடவை கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். கிடாரைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷன் இல்லை, சிந்தசைசர் இல்லை, யார் கை வேகமாக ஓடுகிறது என்ற பந்தயமும் இல்லை. 1975 டிசம்பரில் பதிவாகி, 1976இல் இசிஎம் நிறுவனம் வெளியிட்டது. மெத்தினிக்கு அப்போது வயது 21. எட்டுப் பாடல்கள், மொத்தம் சுமார் 37 நிமிடம்.

கிடார், பேஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். கீபோர்டு இல்லாததால் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) நிரப்ப ஆளில்லை. அந்தக் காலி இடம்தான் இந்த ஆல்பத்தின் சொத்து. அதில் பாதியை எடுத்துக்கொள்பவர் ஜாக்கோ பஸ்டோரியஸ். அவருடையது ஃப்ரெட்லெஸ் பேஸ். கழுத்தில் குறுக்கே பதிக்கும் ஃப்ரெட் கம்பிகள் இல்லாததால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போக முடியும். கிடார் கார்வை பிடிக்கும் இடங்களில் எல்லாம் பேஸ் தன் பங்குக்கு ஒரு மெட்டைச் சொல்லிவிட்டுப் போகிறது. டிரம்ஸில் பாப் மோசஸ். தாளத்தைக் கட்டிப் போடாமல் சிம்பலில் மிதக்கவிடுகிறார்.

தலைப்புப் பாடலை மட்டும் தனியாக நாலைந்து தடவை கேட்கலாம். அதன் மெட்டு பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களில் நடக்காமல் பெரிய தாவல்களில் போகிறது. காதுக்கு எளிமை, கைக்கு இல்லை. வாசிக்கக் கற்பவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழுவது இங்கேதான்: ஒவ்வொரு தாவலுக்கும் தந்தி மாற வேண்டும், விட்டு வந்த தந்தி அடங்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும், மெட்டு குழம்பிவிடும். வேகத்தைப் பாதியாக்கி, அடுத்த ஸ்வரம் விழும் அதே கணத்தில் முந்தைய விரலைத் தந்தியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்திப் பழகினால் சரியாகும். இன்னொரு தவறு, ஜாஸ் என்றதும் எட்டாம் ஸ்வரங்களை (அரை அடி நீளமுள்ளவற்றை) ஸ்விங் ஆக்கிவிடுவது, அதாவது ஒன்றை நீட்டி அடுத்ததைக் குறுக்குவது. இந்தப் பாடலில் அவை சமமாகவே விழுகின்றன. ஸ்விங் வைத்தால் பாட்டே வேறாகிவிடும்.

கிடார் தொனி, கிப்சன் இஎஸ்-175 என்ற உள்ளீடற்ற உடல் கொண்ட ஜாஸ் கிடாரின் உருண்டையான தொனி. இதை நகலெடுக்க நினைப்பவர்கள் ரிவெர்பை (எதிரொலி போன்ற விளைவை) அள்ளிக் கொட்டுகிறார்கள். கழுத்துப் பக்கப் பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்), டோன் குமிழைக் கொஞ்சம் இறக்குவது, மென்மையான பிக் அடி: முதலில் இவை மூன்றும். ரிவெர்ப் கடைசியில், சொட்டு மட்டும்.

‘யூனிட்டி வில்லேஜ்’ பாடலில் மற்ற இருவரும் இல்லை. மெத்தினி தன் கிடார் மேலேயே இன்னொரு கிடாரைப் பதிந்திருக்கிறார். ‘மிட்வெஸ்டர்ன் நைட்ஸ் ட்ரீம்’ பன்னிரண்டு தந்தி கிடாரில், வழக்கமில்லாத சுருதி அமைப்பில். சாதாரண சுருதியில் அந்தக் கார்டுகளைத் தேடி விரலை முறுக்கிக்கொள்ள வேண்டாம், கிடைக்காது. கடைசிப் பாடல் ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்னட் கோல்மனின் இரண்டு மெட்டுகளை ஒட்டியது; மற்ற ஏழும் மெத்தினியுடையவை.

குறை உண்டு. சிம்பல் மினுமினுப்புக்கு முன்னால் டிரம்ஸின் அடி மெலிந்து கேட்கிறது. ‘ஒமாஹா செலிப்ரேஷன்’ இனிமைதான், ஆனால் முதல் பாடல் சொன்னதைத் தாண்டி அது புதிதாக எதுவும் சொல்லவில்லை.

போன் ஸ்பீக்கரில் மட்டும் இதைக் கேட்க வேண்டாம். கீழ் ஸ்தாயி காணாமல் போய், பேஸில் ஹார்மானிக்ஸ் எனும் மேல் ஒலிகள் மட்டும் எஞ்சும். அதைக் கிடார் என்றே நினைத்துக்கொள்வோம். சுமாரான ஹெட்போனே போதும். முதல் தடவை கிடாரைப் பின்தொடருங்கள், இரண்டாம் தடவை பேஸை மட்டும்.