மசாக்காவில் 3 மாதம்: பணம் கட்டிப் போன தன்னார்வப் பணி

நான் பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். உகாண்டாவில் மசாக்கா பக்கத்துக் கிராமங்களில், பெற்றோரை இழந்த பிள்ளைகளின் துக்கத்துக்குத் துணையிருக்கும் பணிக்குப் போய் வந்தேன். போகலாமா என்று பலர் கேட்பதால் எழுதுகிறேன்.

முதலில் விசாரித்தது வேறொரு நிறுவனத்தில். "ரெண்டு வாரம் போதும் மேடம், பிள்ளைகளோட விளையாடிட்டு போட்டோ எடுத்துக்கிட்டு வரலாம்" என்றார்கள். அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை மடியில் ஒட்டிக்கொண்ட பதினைந்தாம் நாள் நான் விமானம் ஏறினால், அதற்கு அது இன்னொரு சாவு மாதிரிதானே? வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நான் போன நிறுவனத்தார் 3 மாதத்துக்குக் குறைந்து யாரையும் எடுப்பதில்லை. போலீஸ் சான்று கேட்டார்கள். படம் எடுக்கக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். எனக்குப் பிடித்தது, வேலை அநாதை விடுதியில் இல்லை, பிள்ளைகளின் வீடுகளில். யுனிசெஃப் கணக்கில் தாய் தகப்பனில் ஒருவர் போனாலும் அநாதைதான். ஆனால் வளர்க்கப் பெரும்பாலும் ஓர் ஆச்சி இருக்கிறாள். லுகாண்டா மொழியில் ஜாஜா. அந்த ஜாஜாவுக்குக் கைத்துணையாக இருப்பதுதான் எங்கள் வேலை.

வாழைத் தோப்பும் இலையில் கட்டி அவித்த மத்தோக்கே என்ற வாழைக்காய் உணவுமாகத் தாமிரபரணிக் கரையில் இருப்பது போலவே இருந்தது. ஆனால் எய்ட்ஸ் ஒரு தலைமுறையையே வாரிக்கொண்டு போன மண் அது. 1990களில் எச்.ஐ.வி. உள்ள தாய்மார்கள் சேர்ந்த நாக்வோலா அமைப்பு, பிள்ளைகளுக்காக நினைவுப் புத்தகம் எழுதும் பழக்கத்தை உகாண்டாவில் பரப்பியது. குடும்பக் கதை, பிறந்த கதை, அம்மாவுக்குப் பிடித்தது எல்லாம் அதில் இருக்கும். எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அதே வழியில் வந்த நினைவுப் பெட்டி, இறந்தவரை நினைவூட்டும் பொருள்களைப் பிள்ளை எடுத்து வைக்கும் பெட்டி.

ஒரு பையன், 11 வயது. அவன் அம்மா தையல்காரி. செருப்புப் பெட்டிக்குள் அவன் வைத்தது ஒரே ஒரு பாபின், அதில் பள்ளிச் சீருடைக்கான நீல நூல் பாதி சுற்றியிருந்தது. நான்கு நாள் அதை இழுப்பான், திரும்பச் சுற்றுவான், பேசமாட்டான். ஐந்தாம் நாள் ஜாஜா வாழைக்காய் உரித்துக்கொண்டே, "அது உன் சட்டைக்குச் சுற்றினது" என்றாள். அப்புறம் ஆஸ்பத்திரியில் நடந்ததை முதல் முறையாகச் சொன்னாள். அவன் கேட்டது, "தண்ணி யார் கொடுத்தது?" "நான்தான்." சரி என்று தலையாட்டி, நூல் நுனியைப் பாபினுக்குள் செருகி வைத்தான்.

குறையும் உண்டு. தினமும் மொழிபெயர்ப்பாளர் வருவார் என்றார்கள். முதல் இரண்டு வாரம் வரவே இல்லை. துக்க வேலையில் பாஷை இல்லாமல் என்ன செய்வது? கட்டிய பணத்தில் எவ்வளவு அந்த வீடுகளுக்குப் போகிறது என்று இரண்டு முறை கேட்டும் பதில் இல்லை. நீங்கள் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்கு 10 நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். நான் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டேன்.

விடைபெறுவதை நன்றாகச் செய்தார்கள். 3 வாரம் முன்பே பிள்ளைகளிடம் சொல்லி, காலண்டரில் அவர்களையே நாள் அடிக்க வைத்தோம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருவேன்.

எனக்கு ஒன்பது வயதில் அப்பா தவறியபோது என்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி, "அப்பா ஊருக்குப் போயிருக்காவ" என்றுதான் சொன்னார்கள். அதன்பின் யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பி வந்த வாரம் குறுக்குத்துறையில் சித்தி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன், அன்னைக்கு அப்பா கடைசியா என்ன குடிச்சாவ என்று. சித்தி வெகு நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சுக்குக் காப்பி. ரெண்டு மடக்கு. நாந்தான் கொடுத்தேன்."